நற்சான்று விலைக்குக் கிடைக்குமா?



இணையத்தளத்தைத் தேடுபொறியின் முதல் பக்கத்தில் நிறுத்தித் தருவதாகக் கூறும் மின்மடல்கள் இப்பொழுது பள்ளிகளையும் விட்டுவைப்பதில்லை. எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திற்கும் அத்தகைய மடலொன்று வந்தது. சில நூறு ரிங்கிட் செலுத்தினால், பல்லாயிரம் தளங்களிலிருந்து எங்கள் தளத்தை நோக்கிச் சுட்டிகள் அமைத்துத் தருவார்களாம்!

முதலாம் ஆண்டில் பதியும் பிள்ளைகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைந்து வரும் சிறிய பள்ளி எங்களுடையது. வட்டாரப் பெயரைத் தட்டித் தேடும் இளம் பெற்றோரின் கண்ணில் பள்ளி பட வேண்டும் என்ற கவலை எல்லாருக்கும் உண்டு. ஆகவே, செயலவைக் கூட்டத்தில் சிலர் உடனே இசைந்தனர். நான் மறுத்தேன். அதற்கான காரணங்கள் பிற பள்ளிகளுக்கும் பயன்படலாம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

1998-இல் லேரி பேஜ், செர்கே பிரின் ஆகிய இருவரும் கூகிளைத் தொடங்கியபொழுது, அதன் அடிப்படையாக அமைந்தது ‘பேஜ்ரேங்க்’ என்னும் கணிப்புமுறை. ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன என்பதோடு, சுட்டும் பக்கங்களின் மதிப்பு யாது என்பதையும் அது கணக்கில் கொண்டது. நற்சான்றுக் கடிதமும் அப்படித்தானே? ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் எங்களை நன்கறிந்த விரிவுரைஞர் ஒருவர் தந்த கடிதத்திற்கு இருந்த மதிப்பு, முகமறியாத நூறு பேர் ஒப்பமிட்ட தாளுக்கு இருந்திருக்காது.

மதிப்புள்ள எதற்கும் போலி தோன்றும். சுட்டிகளை விற்பதற்கென்றே தளங்கள் முளைத்தன. 2011 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜே.சி.பென்னி அங்காடியின் தளம் தொடர்பற்ற பல தளங்களில் இடப்பட்ட விலைச் சுட்டிகளால் முன்னிலை பெற்றிருந்ததை நியூயார்க் டைம்ஸ் நாளேடு வெளிப்படுத்தியது. அங்காடி தனக்கு அது தெரியாது என்றது. ஆயினும், கூகிள் அதன் தளத்தைப் பல தேடல்களில் பின்னுக்குத் தள்ளியது. 2012 ஏப்ரலில் வந்த ‘பெங்குவின்’ மாற்றம் இத்தகைய தளங்கள் பலவற்றின் தரவரிசையைச் சரித்தது.

இங்கே ஒரு வேறுபாட்டை உணர வேண்டும். 2016-க்குப் பின்னர், தரமற்ற சுட்டிகளைக் கூகிள் பெரும்பாலும் மதிப்பற்றவையாகக் கருதி ஒதுக்கிவிடுகிறது. எனவே, யாரோ ஒருவர் கேளாமல் இட்ட சுட்டியைக் கண்டு நாம் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால், தரவரிசைக்காக நாமே விலை கொடுத்து வாங்கியது கண்டறியப்பட்டால் நிலைமை வேறு. தளம் பின்தள்ளப்படலாம், தேடலிலிருந்தே நீக்கவும் படலாம். பிறகு அச்சுட்டிகளை ஒவ்வொன்றாக அகற்றி, மறுபரிசீலனை கோரி விண்ணப்பிக்க வேண்டும். பிடிபடாவிட்டாலும், ஒதுக்கப்படும் சுட்டிக்குக் கொடுத்த பணம் வீண்தான். உணவுச் சந்தையில் தாய்மார்கள் நாசி லெமாக் விற்றுச் சேர்த்த பணம் அது.

திருக்குறளின் 46ஆம் அதிகாரத்திற்குச் ‘சிற்றினம் சேராமை’ என்று பெயர். தீயவர் நம்மைத் தேடி வருவது நம் கையில் இல்லை. நாம் அவரைத் தேடிச் சேராதிருப்பது நம் கையில் உள்ளது. வகுப்பில் இதைக் கற்பித்துவிட்டு, பள்ளியின் பெயருக்கு விலைச்சான்று வாங்குவது எவ்வாறு பொருந்தும்?

கூட்டம் இறுதியில் அம்மடலை ஏற்கவில்லை. மாறாக, மாணவர் படைப்புகளையும் பதிவு விவரங்களையும் தளத்தில் ஒழுங்காக வெளியிடவும், முன்னாள் மாணவர் சங்கம், அண்டைப் பாலர் பள்ளிகள் ஆகியவற்றின் தளங்களில் சுட்டி தரும்படி கேட்கவும் முடிவெடுத்தோம். இதனால் அடுத்த ஆண்டு எத்தனை பிள்ளைகள் கூடுவர் என்று என்னால் உறுதிகூற இயலாது. ஆயினும், நம்மை அறிந்தவர் தரும் சான்று பத்தே ஆனாலும், அவை நமக்கே உரியவை.

தங்கள் பள்ளிக்கும் இத்தகைய மடல் வந்தால், பணம் செலுத்துமுன் ஒருமுறை கூடிப் பேசுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியை