மாசிக் காற்றில் நீலமலை

உதகமண்டலத்துக்குப் பிரயாணம் செய்கிறவர்களில் பெரும்பாலோர் சித்திரை, வைகாசி மாதங்களையே தேர்ந்தெடுக்கிறார்கள். புஷ்பக் கண்காட்சிக்கும் படகுச் சவாரிக்கும் அது ஏற்ற காலந்தான். ஆனால் அம்மலையில் உண்மையாகக் குடியிருப்பவர்கள் யார் என்று அறிய விரும்புவோர், மாசி மாதத்தில், குளிரும் காற்றும் சிறிதும் தாட்சண்யம் காட்டாத ஒரு நாளில், தொட்டபெட்டாச் சரிவுக்குச் செல்ல வேண்டும். குடியிருப்பவர்கள் என்று நாம் குறிப்பிடுவது சிறகும் குளம்பும் உடையவர்களை.

சமவெளியில் மாமரம் பூத்து, வஸந்தத்தின் வரவை அறிவிக்கும் சமயம் அது. இங்கேயோ விடியற்காலையில் புல்லின்மேல் உறைபனி உப்புத் தூவினாற் போல் படிந்திருக்கிறது. 2,637 மீட்டர் உயரமுள்ள சிகரத்தில் வீசும் காற்று கம்பளியையும் மதிப்பதில்லை. வெளியில் நின்று நோக்கினால், இம்மலையில் உயிர்ப் பிராணி ஒன்றுகூட இல்லையோ என்று ஐயம் தோன்றும்.

அந்த ஐயம் சோலையின் ஓரத்தை அடையும் வரையில்தான். மலை மடிப்புகளில், நீரோடையை அணைத்தாற் போல் அடர்ந்து நிற்கும் குறுமரக் காட்டுக்குச் சோலை என்று பெயர். அதற்குள் பத்தடி வைத்ததும், யாரோ கதவைச் சாத்தினாற் போல் காற்று அடங்கிவிடுகிறது. உடனே ஒரு சிரிப்பொலி! ஒன்று சிரிக்க, மற்றவையும் சேர்ந்து சிரிக்கின்றன. வெண்புருவமும் செம்பழுப்பு மார்பும் கொண்ட நீலகிரிச் சிரிப்பான்தான் அது. உலகில் வேறெங்கும் இப்பறவை இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே பழனி மலையில் சிரிப்பதுகூட வேறோர் இனமே. சோலையின் விளிம்பிலே காட்டுப்பூவரசு இரத்தச் சிவப்பாய்ப் பூத்து நிற்கிறது. அதன் கொத்துகளில் வெள்ளைக்கண்ணிகள் கூட்டமாக மொய்க்கின்றன. மாலை நெருங்கினால் கடமான் தயங்கித் தயங்கி வெளியே வருவதையும் காணலாம்.

விருந்தாளி ஒருவரும் உண்டு. கைப்பிடிக்குள் அடங்கிவிடும் காஷ்மீர ஈப்பிடிப்பான் கோடையில் இமயத்தின் வடமேற்குச் சாரலில் குஞ்சு பொரித்து, பனிக்காலத்தை நமது மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் கழிக்கிறது. பங்குனியில் மீண்டும் வடக்கே புறப்படும். காஷ்மீரமும் தமிழகமும் ஒரே நாடு என்று நாம் மேடையில் முழங்குவதை, இச்சிறு பறவை ஆண்டுதோறும் தன் சிறகால் அளந்து காட்டுகிறது.

சோலைக்கு வெளியே உள்ள புல்வெளி எதற்கு என்று கேட்கலாம். திறந்த சரிவில் உறைபனி சோலை மரக் கன்றுகளைக் கருக்கிவிடுவதால், அங்கே புல்லே ஆட்சி செலுத்துகிறது. அந்தப் புல் மழைநீரை மண்ணுக்குள் இறக்கி, ஓடைகளுக்குச் சிறுகச் சிறுகக் கொடுக்கிறது. பவானி நதி காவிரிக்குக் கொண்டு சேர்க்கும் நீரிலும், 1932 முதல் மின்சாரம் தரும் பைக்காராவிலும் இப்புல்லுக்குப் பங்கு உண்டு.

1819-ல் ஸலிவன் துரை இம்மலைக்கு வந்த பின்னர், வெள்ளைக்காரர்கள் புல்வெளியை வெறும் தரிசு என்று கருதினார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரத்தையும், இவ்வூரார் சீகை என்று அழைக்கும் வாட்டில் மரத்தையும் கொணர்ந்து நட்டார்கள். பழியை அவர்கள்மீது மட்டும் சுமத்துவது நியாயமாகாது. 1947-க்குப் பிறகு, தோல் பதனிடவும் செயற்கைப் பட்டு நெய்யவும் வேண்டி, அதே மரங்களை இன்னும் விரிவாக நட்டவர்கள் நாமே. இன்று சீகை மரம் யாரும் நடாமலே பரவுகிறது. அத்தோப்பினுள் நின்று கேளுங்கள்: காற்றின் ஓசை நிறைய உண்டு, சோலையிற் கேட்ட குரல்களில் மிகச் சிலவே உண்டு.

இதனால் அதிகம் இழப்பது வரையாடு. தமிழ்நாட்டின் மாநில விலங்கு அது. மேற்கே முக்குருத்திச் சிகரத்தைச் சுற்றி, 1990 முதல் தேசியப் பூங்காவாக விளங்கும் பகுதியில், இதே குளிர்காலத்தில்தான் குட்டிகளை ஈனுகிறது. அதன் நிம்மதிக்காக அவ்வாரங்களில் பார்வையாளரை அனுமதிப்பதில்லை. 2025-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் காணப்பட்டவை 1,303. பாறை அதற்குக் கோட்டை. புல்வெளிதான் உணவும் வாழ்வும்.

குழந்தைகளை அழைத்துச் செல்பவர்கள், அடர்ந்த தோப்பு எல்லாம் வனம், வெறும் புல் எல்லாம் தரிசு என்று அவர்கள் மனத்தில் பதியாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். சோலை எது, சீகை எது என்று ஓரிடத்திலாவது நிறுத்திக் காட்டுங்கள். நாளைக்கு அம்மலையைக் காப்பதா, விற்பதா என்று தீர்மானிக்கப் போகிறவர்கள் அவர்கள்தாம்.