கீழ்க்குழாயில் ஒரு மடிப்பு

பழைய ஸ்டீல் ரேசிங் சைக்கிள் ஒன்றைப் பார்க்கப் போனால், விற்பவர் வீட்டு வாசலில் நமக்குக் கிடைப்பது அதிகம் போனால் அரை மணி நேரம். அதில் முதல் பத்து நிமிடத்தை ஃபிரேமுக்கு மட்டும் ஒதுக்கிவிடுவேன். கியர், பிரேக், சீட் எல்லாம் பிறகுதான். செயின் தேய்ந்திருந்தால் மாற்றலாம், சக்கரம் கோணலாக இருந்தால் நிமிர்த்தலாம். வளைந்த குழாயை மாற்றுவதற்கு இங்கே ஆள் தேடி அலைய வேண்டும். கிடைத்தாலும் கூலி சைக்கிள் விலையைத் தாண்டிவிடும்.

ஸ்டிக்கரைப் பார்த்து மயங்குகிற நண்பர்கள் எனக்கு நிறைய. ‘ரெனால்ட்ஸ் 531’ என்று ஒட்டியிருந்தால் போதும், விலை சட்டென்று ஏறிவிடும். 1935-இல் வந்த குழாய், நல்ல சரக்குதான், மறுக்கவில்லை. ஆனால் “அந்த ஸ்டீலே விறைப்பா இருக்கும் மச்சான்” என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். சாதாரண இரும்புக் கம்பியோ 531-ஓ, எல்லா ஸ்டீலுக்கும் விறைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்: 200 கிகாபாஸ்கல். ஸ்கூடாயில் இயந்திரப் பொறியியல் படித்தபோது இதை மண்டையில் ஏற்றியே அனுப்பினார்கள். நல்ல ஸ்டீலின் பலன் அதன் வலிமையில் இருக்கிறது. வலிமை கூடுதலாக இருப்பதால் குழாயை மெல்லியதாக இழுக்க முடியும். ஓரங்களில் 0.9 மில்லிமீட்டர், நடுவில் 0.6. விரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் கனம். சைக்கிள் லேசாக இருப்பது அதனால்தான். எதிலாவது நேராக முட்டினால் குழாய் சுருங்கிப்போவதும் அதனால்தான்.

புதுப் பெயிண்ட் அடித்த பழைய சைக்கிள் என்றால் நான் போவதே இல்லை. எத்தனை அழகாக இருந்தாலும் சரி. கீறலும் துருவுமாக இருக்கிற பழைய பெயிண்டுக்கு ஒரு குணம் உண்டு: அது இரும்பு அளவுக்கு வளையாது. அடியில் இரும்பு வெடித்தால் மேலே அதுவும் வெடிக்கும். அந்தக் கோட்டில் மழையும் வியர்வையும் இறங்கி, கொஞ்ச நாளில் செம்பழுப்பாக எழுதிக் காட்டிவிடும். புதுப் பெயிண்ட் அந்தச் சாட்சியை அழித்துவிடுகிறது.

2024 செப்டம்பரில் செந்தூலில் ஓர் அங்கிள் வீட்டுக்குப் போனேன். எழுபதைத் தாண்டியவர், ரயில் பட்டறையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முட்டி வலி, இனி ஓட்ட முடியாது, 700 வெள்ளி என்று விளம்பரம் போட்டிருந்தார். ஜப்பானில் செய்த நீல நிற சைக்கிள். 1986-இல் புதிதாக வாங்கியதாகச் சொன்னார். பின் கியரின் உட்பக்கத்தில் ஷிமானோ பொறிக்கிற இரண்டு எழுத்தைத் தேடினேன். ‘ஜே’, ‘டி’. ஜே என்றால் 1985, டி என்றால் ஏப்ரல். பேச்சும் பொருளும் ஒத்துப்போயின.

அடுத்து சீட் போஸ்ட். நம் ஊர் ஈரத்துக்கு இதுதான் பெரிய தலைவலி. ஸ்டீல் குழாய்க்குள் அலுமினியக் கம்பம் வருஷக்கணக்கில் அசையாமல் இருந்தால், வியர்வை உப்பும் சேர்ந்து இரண்டும் வெல்டிங் வைத்த மாதிரி பிடித்துக்கொள்ளும். வாளால் அறுத்து எடுத்தவர்களை எனக்குத் தெரியும். போல்ட்டைத் தளர்த்திவிட்டு ஒரு கையால் திருகினேன். கறுப்பு கிரீஸ் வழிய, சத்தமே இல்லாமல் மேலே வந்தது.

“ஆயுத பூசைக்கு வருஷா வருஷம் முழுசா கழட்டிருவேன் தம்பி. அன்னைக்கு வேற வேல இல்ல.”

லக் ஓரத்து இடுக்கில், எந்தத் துணிக்கும் எட்டாத இடத்தில் குங்குமம் படிந்திருந்தது.

நூல் சோதனையும் செய்தேன். பின்சக்கரம் மாட்டுகிற ஒரு முனையில் நூலைக் கட்டி, முன்னால் ஹெட் டியூபைச் சுற்றிக்கொண்டு வந்து மறுமுனையில் கட்ட வேண்டும். சீட் குழாய்க்கும் நூலுக்கும் நடுவே இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் பின்பகுதி நேர். ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். மனதுக்குள் பணத்தை எண்ணத் தொடங்கிவிட்டேன்.

வெளிச்சத்துக்காக வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தபோதுதான் கவனித்தேன். ஃபிரேம் நீலம், முன் ஃபோர்க்கும் நீலம், ஆனால் ஃபோர்க்கின் நீலம் கொஞ்சம் இளசு. ஃபோர்க்கை மாற்றியிருக்கிறார்கள். ஏன் மாற்ற வேண்டும்?

குனிந்து, ஹெட் டியூபுக்குப் பின்னால் கீழ்க்குழாயின் அடிப்பக்கமாக விரலை ஓட்டினேன். இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வது நல்லது. லக் முடிந்து இரண்டு விரற்கடை தள்ளி, குழாய் லேசாகப் புடைத்துத் தணிந்தது. இஸ்திரி போட்ட சட்டையில் நிற்கிற மடிப்பு அளவுக்குத்தான்.

இந்த இடம் எனக்கு எப்போதும் சங்கடம். வேலையிடத்தில் ‘குறைபாடு’ என்று எழுதினால் அது ஒரு வரி, யாருக்கும் கோபம் வராது. பேரத்தில் அதே சொல் ஆயுதமாகிவிடுகிறது. முப்பத்தெட்டு வருஷம் வைத்திருந்தவரிடம் சொல்லும்போது, அவர் உடம்பைப் பற்றிச் சொல்வது போலவே இருக்கிறது. சொன்னேன்.

“தெரியும்,” என்றார். “தொண்ணூத்தாறுல ஜாலான் ஈப்போவுல ஒரு காடிக்காரன் கதவத் திறந்துட்டான். ஃபோர்க் மடங்கிருச்சு, வேற போட்டேன். இது இருக்கட்டும்னு விட்டுட்டேன். இருபத்தெட்டு வருஷம் ஓட்டியாச்சு. ஒண்ணும் ஆகலியே?”

விரல் முட்டியால் குழாயைத் தட்டிக் காட்டினார். “கேளு. வெடிச்சிருந்தா சத்தம் செத்துப் போயிரும்.” ரயில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, காதால் சோதிக்கிற உலகத்திலிருந்து வந்தவர். கைப்பேசி விளக்கைப் பிடித்து மடிப்பின் மேல் பெயிண்டைப் பார்த்தேன். அசல் பெயிண்ட். ஒரு கோடு இல்லை, ஒரு துளி துரு இல்லை. அவர் சொன்னது பொய் இல்லை. அந்த இரும்பு இருபத்தெட்டு வருஷமாக அசையவில்லை.

ஆனால் அந்தச் சாட்சி அவருடைய சுமைக்கான சாட்சி. அவர் ஐம்பத்தைந்து கிலோ இருப்பார். போய்வந்தது பட்டறைக்கும் சந்தைக்கும். நான் 84 கிலோ. பழைய கோம்பாக் சாலையில் கெந்திங் செம்பா வரை ஏறி, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் இறங்குவதற்காகச் சைக்கிள் தேடுகிறேன். வழியில் ஒவ்வொரு குழியிலும் அந்த மடிப்பு வளைந்து நிமிரும். உலோகச் சோர்வில் கணக்கு நேர்க்கோட்டில் போவதில்லை. அழுத்தம் இரண்டு மடங்கானால் ஆயுள் பாதியாகாது. எட்டில் ஒன்றாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கலாம். அதைத்தான் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப என்ன, பழைய இரும்புக்குப் போடச் சொல்றியா?”

“இல்ல அங்கிள். சமதரையில ஓட்டுறவங்களுக்கு, மாசம் ஒருக்கா அந்த இடத்தப் பாக்குறவங்களுக்கு இது இன்னும் ஓடும். எனக்குத்தான் சரிவராது. வாங்குறவங்களுக்கு விஷயம் தெரியணும், அவ்வளவுதான்.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. உள்ளே ஆன்ட்டி குழாயைத் திறந்து பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும்.

“உனக்கு முன்னால மூணு பேரு வந்தாங்க,” என்றார். “எல்லாம் கியர ஓட்டிப் பாத்துட்டு வெல கேட்டானுங்க. ஒருத்தனும் கீழ குனியல. அதுல ஒரு பையன் உன்னைவிட குண்டு.”

எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் மஞ்சள் சாக்குக் கட்டி. முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து, மடிப்பைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். ஒரே இழுப்பில், கோணல் இல்லாமல். “பட்டறையில இப்படித்தான் போடுவோம்.”

பிறகு இருவரும் உட்கார்ந்து விளம்பரத்தைத் திருத்தினோம். ‘கெமெக்’ என்று போடலாம் என்றார். அது நசுங்கின தகர டின் மாதிரி இருக்கிறது என்று எனக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் மலாயில் இரண்டு வரி எழுதி, வட்டம் தெரிகிற மாதிரி ஒரு படமும் சேர்த்தோம். விலையை 400-க்கு இறக்கலாம் என்றேன். அவர் 600-இல் நின்றார். “மடிப்புக்கு நூறு கொறச்சாச்சு. நான் பாத்துக்கிட்டதுக்கு எதுக்குக் கொறைக்கணும்?” எனக்குப் பதில் வரவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார். 580-க்குப் போய்விட்டதாம். வாங்கியவர் பள்ளி வாத்தியார், ஒல்லி, காலையில் தித்திவங்சா ஏரியைச் சுற்றுகிறவர். காசு கொடுப்பதற்கு முன்னால் குனிந்து வட்டத்துக்குள் விரலை வைத்துப் பார்த்தாராம். ஆயுத பூசைக்குக் கழற்ற வேண்டியதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார் அங்கிள்.

எனக்கு இன்னும் சைக்கிள் அமையவில்லை. ஈப்போவில் ஒன்று இருக்கிறது. படத்தில் ஃபோர்க்கும் ஃபிரேமும் ஒரே சிவப்பாகத் தெரிகின்றன. அடுத்த சனிக்கிழமை போகிறேன்.