காலையில் மக்கர் பண்ணிய அம்பாசிடர்

புதுப்பட்டினத்தில் ஒரு வாடகை டிரைவரிடம் டீசல் அம்பாசிடர் இருக்கிறது. 2014-லேயே உற்பத்தி நின்றுபோன வண்டி. ராத்திரி நிறுத்தினால் காலையில் கிளம்பாது. திருக்கழுக்குன்றம் ரோட்டில் நாலு பேர் ஏறினால் இழுக்காது. "இன்ஜினைப் பிரிக்கணும்" என்றார் ஒரு மெக்கானிக். பிரித்தால் அவருடைய மூன்று மாத வருமானம் காலி!

பக்கத்துத் தெரு டிராக்டர்காரப் பெரியவர்தான், "செல்ப் அடி தம்பி, புகையைப் பார்க்கிறேன்" என்றார். டீசலில் ஸ்பார்க் பிளக் கிடையாதே... அழுத்தத்தில் சூடேறும் காற்றுதான் பற்றவைக்கிறது. செல்ப் அடிக்கும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. ஹீட்டர் பிளக்கையோ கம்ப்ரஷனையோ பார்க்கலாம். புகையே இல்லாவிட்டால் டீசலே போகவில்லை. இங்கே துளிப் புகை இல்லை. பீட் பம்பைக் கையால் அடித்து ஏர் எடுத்ததும் கிளம்பிவிட்டது!

டேங்கிலிருந்து வரும் ஹோஸில் மயிரிழை அளவு விரிசல். அது வழியாகக் காற்று புகுந்து, ராத்திரியில் டீசல் டேங்குக்கே இறங்கியிருக்கிறது. டீசல் பில்டரைத் திறந்தால் ஒரே கருப்புக் கசடு. இழுவை குறைந்தது அதனால். (கரும்புகை தள்ளியிருந்தால் ஏர் பில்டர், நாசில் பக்கம் போயிருக்க வேண்டும்.)

ஹோஸும் பில்டரும் மாற்றியாச்சு. மறுநாள் காலை 5 மணிக்குச் செங்கல்பட்டு ஸ்டேஷன் சவாரி. ஒரே செல்பில் பிடித்தது. இன்ஜினை இன்னும் யாரும் பிரிக்கவில்லை.