கரண்ட் வரும் நேரம்

மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்வாரியம் காலையில் நிறுத்துகிற கரண்ட், சாயங்காலம் 5 மணி வாக்கில் வரும். இளம்பிள்ளைப் பக்கத்து ஊர்களில் அப்போது முதலில் கேட்பது தறிச் சத்தம். அதே நொடியில் காதுக்குக் கேட்காத ஒன்றும் நடக்கும். நூற்றுக்கணக்கான வீடுகளில் பிராட்பேண்ட் மோடங்கள் ஒன்றாக விழித்துக்கொண்டு, "யாராவது இருக்கீங்களா?" என்று ஃபைபருக்குள் கூப்பிட ஆரம்பிக்கும். அதற்குப் பதில் சொல்வது எங்கள் அலுவலகத்து மூலையில், யுபிஎஸ்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு லினக்ஸ் பெட்டி. கேபிள் டிவி நடத்தி, பிறகு இணையத்துக்கு வந்த ஒரு சின்ன ஆபரேட்டரிடம் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

இந்தக் கூப்பாட்டுக்குப் பெயர் பிபிபிஓஇ. 1999 பிப்ரவரியில் ஆர்எஃப்சி 2516 என்ற ஆவணமாக வந்தது. டயல்-அப் காலத்தில் ஒவ்வொருவரும் போன் போட்டுத்தான் இணையத்துக்குள் போனார்கள். யார், எவ்வளவு நேரம் என்ற கணக்கு இருந்தது. எப்போதும் இணைந்தே இருக்கிற ஈதர்நெட்டில் அந்தக் கணக்குக்கு வழியில்லை. அதனால் ஈதர்நெட்டின் மேலேயே போன் போடுவது மாதிரி ஒரு ஏற்பாடு செய்தார்கள்.

நாமக்கல், சங்ககிரிக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். காலி லாரிக்காரர் ஒருவர், "லோடு இருக்குதுங்களா?" என்று எல்லா புக்கிங் ஆபீஸுக்கும் கேட்கும்படி விசாரிக்கிறார். இரண்டு மூன்று ஆபீஸ்கள் "எங்ககிட்ட இருக்குதுங்க" என்கின்றன. அவர் ஒன்றைத் தேர்ந்து, "சரி, உங்க லோடையே ஏத்திக்கறேன்" என்கிறார். அந்த ஆபீஸ் ஒரு எண் போட்டு ரசீது தருகிறது. நான்கே பேச்சு. அதன்பிறகு அந்த எண்தான் அவருக்கு அடையாளம்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது பழைய மென்பொருள் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. வருகிற ஒவ்வொரு இணைப்புக்கும் அது தனித்தனியாக ஒரு பிபிபிடி நிரலைத் தொடங்கும். நாற்பது ஐம்பது பேருக்கு அது நல்ல முறைதான். எண்ணூறு பேர் ஒரே நிமிடத்தில் வந்தால் பெட்டி திணறிவிடும். பதில் கிடைக்காத மோடங்கள் மறுபடி கூப்பிடும். கூட்டம் இன்னும் பெருகும். கரண்ட் வந்து ஒரு மணிநேரம் ஆகியும் "நெட்டு வரலீங்க" என்ற போன் நிற்காது.

அதற்கு மாற்றாக வந்தது ஆக்செல்-பிபிபி. திறந்த மூல மென்பொருள். ஒரே நிரல், உள்ளே பல இழைகள். யார் வருகிறார், போகிறார் என்பதை மட்டும் அது கவனிக்கும், தரவைக் கடத்தும் பாரத்தை லினக்ஸ் கெர்னலிடம் விட்டுவிடும். மூலநிரலை இறக்கி, ஜிசிசி, சிமேக், ஓப்பன்எஸ்எஸ்எல், பிசிஆர்இ ஆகியவற்றை நிறுவி, சிமேக்கில் ரேடியஸ் வேண்டும், வேகக் கட்டுப்பாடு வேண்டும் என்று சொல்லிவிட்டு 'மேக்' அடித்தால், திரையில் வரிகள் ஓடி முடிய டீ குடிக்கிற நேரம்தான். உண்மையான வேலை அதற்கப்புறம், அமைப்புக் கோப்பில் இருக்கிறது.

அதில் எனக்குப் பிடித்த வரிகள் இரண்டு. ஒன்று 'பாடி-லிமிட்': நொடிக்கு எத்தனை கூப்பாட்டுக்குக் காது கொடுப்பது என்ற வரம்பு. இன்னொன்று 'பாடோ-டிலே': கையில் இருக்கும் இணைப்புகள் கூடக் கூடப் பதிலைத் தாமதமாகச் சொல்வது. இரண்டு பெட்டிகள் இருந்தால், ஆள் குறைவாக இருக்கிற பெட்டி முந்திக்கொண்டு பதில் சொல்லும். மோடம் அங்கே போய்விடும். தனியாக ஒரு மேஸ்திரி தேவையில்லை.

அடுத்தது எட்டு பைட் கதை. ஈதர்நெட் ஒரு நடைக்கு 1500 பைட் சுமக்கும். பிபிபிஓஇ தன் தலைப்புக்கு 8 எடுத்துக்கொள்வதால் மிச்சம் 1492. "வாட்ஸப் வருது, யூடியூப் வருது, ஒரு பேங்கு பக்கம் மட்டும் தொறக்கவே மாட்டேங்குதுங்க" என்று யாராவது சொன்னால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். உயரம் குறைந்த பாலத்துக்கு முழு உயர லோடு வந்து நிற்கிறது. "பாலம் தாழ்வு, குறைச்சு ஏத்துங்க" என்ற சேதியை வழியில் ஏதோ ஒரு ஃபயர்வால் தடுத்துவிடுகிறது. அங்கிருப்பவர் அதே உயரத்தில் மறுபடி அனுப்புகிறார். டிசிபி துண்டின் அளவை 1452-க்குள் பிடித்து வைக்கும் ஒற்றை ஐபிடேபிள்ஸ் வரியில் தீர்ந்துவிடும்.

ஆனால் மனிதர்களை நேராகத் தொடுவது ரேடியஸ்தான். 1812-ஆம் போர்ட்டில் 'இவரை விடலாமா?' என்று கேள்வி போகும். ஆம், இல்லை என்று பதில் வரும். 1813-இல் கணக்கு. ஃப்ரீரேடியஸில் ஒருவருக்குக் காலாவதித் தேதி எழுதும்போது நேரத்தைக் குறிப்பிடாவிட்டால், அந்தத் தேதி பிறக்கிற நள்ளிரவு என்று அது எடுத்துக்கொள்ளும். மிச்ச நொடிகளைக் கணக்கிட்டு இணைப்புக்கே சொல்லிவிடும். 12 மணி அடித்தால் கதவு மூடும். இதை எங்கள் ஆபீஸில் யாரும் முடிவு செய்யவில்லை. ஒரு தேதிக்குப் பின்னால் நேரம் எழுதாததால் தானாக நேர்ந்த முடிவு.

இங்கே சேலைக்காரர்கள் ராத்திரியில்தான் புது டிசைன்களை வாட்ஸப்பில் ஏற்றுகிறார்கள். நள்ளிரவில் அறுந்தால் கேட்க ஆளில்லை, காசு வாங்கவும் ஆளில்லை. முதலாளியிடம் சொன்னேன்.

"காசு கட்டலைன்னா கட் பண்ணத்தானப்பா வேணும்?"

"பண்ணலாங்கண்ணா. எப்பங்கறதுதான் கேள்வி. பகல் 12 மணின்னு வெச்சா, போன் எடுக்க நாம இருப்போம். கலெக்‌ஷனுக்கும் பையன் போவான்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அவரே தறிக் குடும்பத்திலிருந்து வந்தவர்.

"வாரக் கூலி சனிக்கிழமைதான கைக்கு வரும்? தறிக்காரங்களுக்கு ஞாயித்துக்கிழமை பகல்னு போட்டுரு."

அப்படியே போட்டேன். தரவுத்தளத்தில் அது ஒரு தேதி, அதற்குப் பின்னால் 12:00 என்று ஐந்து எழுத்து. கடையில் வாங்கி வைக்கிற பூட்டிய பெட்டியிலும் அந்த இடம் இருக்கலாம்தான். நாங்கள் வரி வரியாக எழுதிக் கட்டியதால்தான் அங்கே ஒரு கேள்வி காலியாக நிற்பது கண்ணில் பட்டது.