ஆறடித் தொட்டியும் ஒரு கை கோலமாவும்

மீன் வளர்க்கிற ஆளுங்களுக்கு ஒரு வியாதி உண்டு. ரெண்டடி தொட்டி வாங்கின ஆறு மாசத்துல மூணடி மேல கண்ணு போகும். மூணடி வந்ததும் நாலடி. எனக்கு அந்த வியாதி முத்தி ஆறடியில வந்து நின்னுச்சு. கொளத்தூர் பக்கம் போய் புதுத் தொட்டிக்கு விலை விசாரிச்சேன். அந்தத் தொகையைக் கேட்டுட்டு எங்க வீட்டுத் தங்கமணி ஒரு பார்வை பார்த்தாங்க பாருங்க, அதுக்கப்புறம் 'புதுசு'ங்கற வார்த்தையையே நான் எடுக்கலை. பழசு தேட ஆரம்பிச்சேன்.

அம்பத்தூர்ல ஒருத்தர் விக்கறதா நண்பன் சொன்னான். ஆறடி நீளம், ரெண்டடி அகலம், ரெண்டடி உயரம். இரும்பு ஸ்டாண்டு, கேனிஸ்டர் ஃபில்டர், லைட்டு எல்லாம் சேர்த்து 14 ஆயிரம். பேங்க்ல வேலை பார்த்து ரிட்டையர் ஆன பெரியவர். ஒத்தை அரோவானாவை அஞ்சு வருஷம் வளர்த்திருக்கார். அது செத்ததும் மனசு விட்டுப்போய், தொட்டியைக் காலி பண்ணி ஒன்றரை வருஷமா கார் ஷெட்டுல போட்டு வச்சிருக்கார்.

விலை நியாயம்தான். என் கவலை வேற. நாங்க இருக்கறது போரூர்ல, வாடகை வீடு, ரெண்டாவது மாடி. எங்க ஹாலுக்கு நேர் கீழ் ஹால்ல ஒரு பாட்டி படுத்த படுக்கையா இருக்காங்க. எங்க வீட்டுல ரெண்டு வயசுப் பொண்ணு, மீனைப் பார்த்தா ரெண்டு கையையும் கண்ணாடி மேல வச்சு தட்டற வயசு. சின்னத் தொட்டி ஒழுகினா துணி போட்டுத் துடைச்சிடலாம். இது அப்படி இல்லைங்க.

கணக்கைப் பாருங்க. 6 x 2 x 2 அடின்னா 24 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். விளிம்பு வரைக்கும் ஊத்தினா 680 லிட்டர், அதாவது தண்ணி மட்டும் 680 கிலோ. கண்ணாடி ஒரு 100 கிலோ. மணல், கல், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தா 850 கிலோவைத் தாண்டும். இந்த எடை உக்கார்ற இடம் வெறும் 12 சதுர அடி, ஒரு சதுர மீட்டரை விடக் கொஞ்சம் அதிகம். வீட்டு அறைகளுக்கு ஐ.எஸ். 875 சொல்ற உபயோகச் சுமை சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ. உடனே தளம் இடிஞ்சு விழுந்துடும்னு அர்த்தம் இல்லை. அந்த 200 கிலோ அறை முழுக்கப் பரவிக் கிடக்கிற சுமைக்கான கணக்கு. ஆனா ஹால் நடுவுல கொண்டுபோய் வைக்கக் கூடாது. பீம் எங்க ஓடுதுன்னு பார்த்து, அதை ஒட்டின சுவரோரமா வைக்கணும். ஸ்டாண்டு கால் நாலும் நாலு புள்ளியில குத்தாம கீழ பலகை கொடுத்துப் பரப்பணும். வீட்டு ஓனர்கிட்ட கேட்டு, கட்டின இன்ஜினியர் நம்பரை வாங்கி, அவர் சரின்னு சொன்ன இடத்துல சாக்பீஸால கோடு போட்டு வச்சுட்டுத்தான் அம்பத்தூருக்கே கிளம்பினேன்.

கையில எடுத்துட்டுப் போனது: வெர்னியர் காலிப்பர் (காலேஜ் ஒர்க்‌ஷாப் காலத்துக்கு அப்புறம் இப்பதான் அதுக்கு வேலை வந்துச்சு), டார்ச், ரசமட்டம், நூல்கண்டு. பெரியவர் என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, "தம்பி தொட்டி வாங்க வந்தீங்களா, வீடு அளக்க வந்தீங்களா?"ன்னார்.

"12 எம்.எம். கண்ணாடி தம்பி"ன்னார். மேல் விளிம்புல காலிப்பரை வச்சேன். 9.8. நாலு இடத்துல வச்சுப் பார்த்தேன், அதேதான். 10 எம்.எம். கண்ணாடி தயாரிப்புல கொஞ்சம் கூடக் குறைய வரும், 12 எம்.எம். ஒண்ணு 9.8 ஆகற அளவுக்கு வராது. பெரியவர் பொய் சொல்லலை. செஞ்சு கொடுத்தவன் சொன்னதை அப்படியே நம்பியிருக்கார்.

இந்த 2 எம்.எம். என்ன பெருசான்னு கேக்கலாம். தண்ணி அழுத்தத்துக்கு உயரம்தான் முக்கியம். ரெண்டடி ஆழத்துல முன்பக்கக் கண்ணாடி மேல மட்டும் மொத்தமா 330 கிலோ எடைக்குச் சமமான விசை, ராத்திரி பகலா லீவே இல்லாம தள்ளிட்டே இருக்கும். தொட்டி செய்யறவங்க வழக்கமா எடுக்கற பாதுகாப்புக் காரணி 3.8. மேல் விளிம்புல பட்டை எதுவும் ஒட்டாத, முழுக்க நிரப்பின இந்த அளவுத் தொட்டிக்கு அந்தச் சூத்திரம் சுமார் 13 எம்.எம். கேக்குது. 10 எம்.எம். போட்டா காரணி 2.3க்கு இறங்கிடும். தடிமனோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி பலம் மாறும், அதனாலதான் 2 எம்.எம்.க்கு இத்தனை பேச்சு. இந்தத் தொட்டியில மேல சுத்தி வர கண்ணாடிப் பட்டையும், நடுவுல ஒரு குறுக்குப் பட்டையும் இருந்துச்சு. அது நல்ல விஷயம். அந்தப் பட்டைங்க இருக்கற வரைக்கும் 10 எம்.எம்.மை நான் ஒரேயடியா ஒதுக்க மாட்டேன். ஆனா பழைய தொட்டியில அந்தக் குறுக்குப் பட்டை விட்டுப்போயிருந்தா, "சும்மா அழகுக்குத் தம்பி"ன்னு யார் சொன்னாலும் திரும்பி வந்துடுங்க.

கீறல் பத்தி ஒரு வார்த்தை. எல்லாரும் உள்பக்கக் கீறலைப் பார்த்துப் பயப்படறாங்க. தண்ணி உள்ளேருந்து தள்ளும்போது கண்ணாடி வெளிப்பக்கமா வளையும். அப்ப நடுப்பகுதியில இழுபடறது வெளிமுகம். கண்ணாடி அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அதனால நடுவுல வெளிப்பக்கம் நகத்துல தட்டுப்படற ஆழமான கீறல்தான் வில்லன். அடுத்த வில்லன் விளிம்புல பேந்து போன இடங்கள், குறிப்பா சிலிக்கான் ஒட்டியிருக்கற இணைப்புக்குள்ள ஓடற பேப்பு. டார்ச்சைச் சாய்ச்சு அடிச்சா தெரியும். இதுல அப்படி எதுவும் இல்லை.

எல்லாம் பார்த்து முடிக்கற நேரத்துல பெரியவர் பெருமையா ஒண்ணு சொன்னார். "போன மாசம்தான் ஆள் வச்சு உள்ள புதுசா சிலிக்கான் போட்டேன் தம்பி. கருப்பு. எவ்வளவு நீட்டா இருக்கு பாருங்க."

எனக்கு வயித்துல புளியைக் கரைச்சுது.

தொட்டியில சிலிக்கான் ரெண்டு இடத்துல இருக்கு. கண்ணாடியும் கண்ணாடியும் சேர்ற இடுக்குல ஒண்ணு. சுமை தாங்கறது அதுதான். உள் மூலையில விரலால இழுத்து விட்ட மாதிரி முக்கோணமா ஓடறது இன்னொண்ணு. அது முதல் சிலிக்கானுக்குக் காவல், அவ்வளவுதான். கண்ணுல படறது ரெண்டாவது, உசுரைக் காப்பாத்தறது முதல். இதுல முக்கியமான சங்கதி, காய்ஞ்ச பழைய சிலிக்கான் மேல புது சிலிக்கான் சரியா ஒட்டாது. பழசைப் பிளேடு வச்சுச் சுத்தமா சுரண்டி, கண்ணாடி வெளிய தெரியணும். அதுக்கு மேல போட்டாத்தான் பிடிக்கும். இங்க டார்ச் அடிச்சுப் பார்த்தா, கருப்பு ஓரத்துக்குக் கீழ பழைய வெள்ளை சிலிக்கான் எட்டிப் பார்க்குது. சுரண்டவே இல்லை. பழைய சுவத்துல சுண்ணாம்பு உதிர்ந்த இடத்து மேலயே பெயிண்ட் அடிச்ச கதை.

அதை விட, அஞ்சு வருஷம் ஒரு சொட்டு ஒழுகாத தொட்டிக்கு எதுக்குப் புது சிலிக்கான்? மெதுவா கேட்டேன். "விக்கணும்னா புதுசு மாதிரி தெரியணும்னு கடைக்காரன் சொன்னான்"னார். அவர் முகத்துல கள்ளம் இல்லை. ஆனா இப்ப பழைய இணைப்பு எப்படி இருக்குன்னு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மேல கருப்பு பூசி மூடியாச்சு.

பெர்லின்ல ஒரு ஹோட்டலுக்குள்ள இருந்த 14 மீட்டர் உயர அக்வாடோம் ஞாபகம் வந்துச்சு. 10 லட்சம் லிட்டர், ஆயிரத்து ஐந்நூறு மீன். 2022 டிசம்பர் 16 விடியக்காலையில ஒரே வீச்சுல வெடிச்சுப் போச்சு. பகல்ல நடந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைக்கவே முடியலை. அது அக்ரிலிக், நம்மது கண்ணாடி, நேரா ஒப்பிட முடியாது. ஆனா 2023ல வந்த நிபுணர் அறிக்கை சந்தேகப்பட்ட மூணு காரணத்துல ஒண்ணு ஒட்டின இணைப்பு, இன்னொண்ணு புதுப்பிக்கும்போது விழுந்த வடு, மூணாவது தண்ணி இல்லாம காய விட்டது. எதுன்னு கடைசி வரைக்கும் அறுதியிட்டுச் சொல்ல முடியலை.

"ஐயா, தண்ணி ஊத்தி மூணு நாள் வச்சுப் பார்க்கலாமா?"ன்னு கேட்டேன்.

அவருக்கு முகம் மாறிடுச்சு. "என் மேல நம்பிக்கை இல்லையா தம்பி?"

"உங்க மேல இருக்குய்யா. சிலிக்கான் போட்டவர் மேலதான் இல்லை."

2019 ஜூன்ல லாரித் தண்ணிக்குக் குடத்தோட நின்ன ஊர்ல, 680 லிட்டரைச் சும்மா ஊத்திப் பார்க்க யாருக்கும் மனசு வராது. அம்மாதான் (பெரியவர் வீட்டு அம்மா) உள்ளேருந்து வந்து, "அப்புறம் தென்னைக்குப் பாய்ச்சிக்கலாம், ஊத்தட்டும்"னாங்க. நல்லா இருக்கணும் அவங்க.

ஸ்டாண்டுக்கு ரசமட்டம் பார்த்து, காலுக்கு அட்டை கொடுத்து, தொட்டிக்கு அடியில புது தெர்மோகோல் போட்டோம். மட்டம் இல்லாத தரையில சோதிச்சா நல்ல தொட்டியே முறுக்கிக்கும். முதல்ல மூணுல ஒரு பங்கு, ஒரு மணி நேரம் கழிச்சு அடுத்த பங்கு, சாயங்காலம் முழுசா. மட்டத்தை மார்க்கர்ல குறிச்சு, ஆவியாகாம இருக்க மேல பிளாஸ்டிக் ஷீட்டு. முன்பக்கம் மேல் விளிம்புல நூலை இழுத்துக் கட்டி, நடுவுல எவ்வளவு பிதுங்குதுன்னு அளந்தேன். ரெண்டு எம்.எம். மறுநாளும் ரெண்டே. ஏறிட்டே போனா ஓடி வந்திருப்பேன்.

கசிவு பார்க்கறதுக்கு அம்மாகிட்ட ஒரு கை கோலமாவு கேட்டேன். அடி இணைப்பை ஒட்டி சுத்தி வர மெல்லிசா ஒரு இழை. கண்ணுக்குத் தெரியாத ஈரம் கூட மாவுல கருத்துடும். "தொட்டிக்குக் கோலம் போடற ஆம்பளையை இப்பதான் பார்க்கறேன்"னு அம்மா சிரிச்சாங்க.

முதல் நாள் சுத்தம். ரெண்டாம் நாள் காலையில பெரியவரே போன் பண்ணி, "வெள்ளையா இருக்கு தம்பி, சொன்னேன்ல"ன்னார். மூணாம் நாள் ஆபீஸ் முடிச்சு நேரா அங்க போனேன். பின்பக்கம் இடது மூலையில, ரெண்டு விரக்கடை நீளத்துக்கு மாவு கருத்திருந்துச்சு. சொட்டு இல்லை, ஓட்டம் இல்லை. மார்க்கர் கோட்டுல மட்டம் கூட இறங்கலை. மாவு இல்லைன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

பெரியவர் ரொம்ப நேரம் குனிஞ்சு பார்த்தார். "கொஞ்சம் சிலிக்கான் வச்சு அடைச்சா நின்னுடாதா?"

அடைக்கலாம், நிக்கவும் நிக்கும், எத்தனை நாளைக்குன்னு தெரியாதுன்னேன். வேணும்னா எல்லாத்தையும் பிரிச்சு, சுரண்டி, முழுசா திரும்ப ஒட்டணும். அந்தக் கூலிக்கு நாலு காசு சேர்த்தா 12 எம்.எம். புதுசே வந்துடும். நான் தொட்டி வேண்டாம், ஃபில்டர் மட்டும் எடுத்துக்கறேன்னு சொன்னேன். ஃபில்டருக்கு 2,500 கொடுத்தேன்.

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "நேத்து இன்னொரு பையன் வந்தான். கேட்ட விலைக்குக் கண்ணை மூடிட்டு வாங்கிக்கறேன்னான். ஞாயித்துக்கிழமை வண்டியோட வர்றதா இருக்கான்"னார். நான் எதுவும் சொல்லலை. அது அவர் பொருள். அவரே கேட்டார்: "அவன் வீட்டுலயும் குழந்தை இருக்காம் தம்பி. உங்க கோலமாவு அவன்கிட்ட இருக்காதே?"

அந்தப் பையனுக்கு என் கண் முன்னாடியே போன் போட்டு, தொட்டி கசியுது, வர வேண்டாம்னு சொல்லிட்டார். கண்ணாடியா மட்டும் வித்துடலாம்னு முடிவு. தண்ணியெல்லாம் தென்னைக்குப் போச்சு.

ஞாயித்துக்கிழமை நானே போய் ஒத்தாசை பண்ணினேன். மீன் பிடிக்கற நரம்பை இணைப்புக்குள்ள விட்டு, ஆளுக்கு ஒரு முனையைப் பிடிச்சு ரம்பம் மாதிரி இழுத்தா சிலிக்கான் அறுந்து வரும். முன்பக்கக் கண்ணாடி ஒண்ணே 28 கிலோ, ரெண்டு பேர் கையுறை போட்டுத் தூக்கி சுவத்துல சாய்ச்சோம். கடைசியா பின்பக்க இடது மூலை. அறுத்துப் பிரிச்சப்ப அந்த இடத்துல சிலிக்கான் கண்ணாடியை விட்டுத் தனியா நின்னுச்சு. உள் விளிம்புலேருந்து வெளி விளிம்பு வரைக்கும், பத்து எம்.எம். முழுக்க, முடி மாதிரி ஒரு பச்சைக் கோடு. பாசி. அரோவானா இருந்த காலத்துலேயே உள்ள நுழைஞ்சிருக்கு. பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கிட்டு அதை நகத்தால சுரண்டிப் பார்த்தார். மேல கருப்பு சிலிக்கான் மட்டும் அப்படியே பளபளன்னு இருந்துச்சு.