பையில் இருப்பதெல்லாம் சிறுநீரல்ல

காலை 8.00

சிறுநீரகவியல் வார்டில் ட்யூட்டி மாறும் நேரம். முந்தின நாள் புராஸ்டேட் அறுவை முடிந்த, 70 கிலோ எடையுள்ள பெரியவரின் கட்டிலருகே இரவு சிஸ்டர் கணக்கை ஒப்படைக்கிறார். ஸ்டாண்டில் 3 லிட்டர் சலைன் பை புதிதாகத் தொங்குகிறது. கீழே யூரோபேக் காலி. இரண்டையும் நேரில் பார்த்த பிறகே பகல் சிஸ்டர் கையெழுத்திடுகிறார்.

பெரியவருக்குப் போட்டிருப்பது மூவழிக் கதீட்டர். ஒரு வழி, குழாய் நழுவாமலிருக்க உள்ளே பலூனை நிரப்புவதற்கு. இரண்டாவதில் சலைன் இறங்கும். மூன்றாவதில் சலைன், சிறுநீர், ரத்தம் மூன்றும் கலந்து வெளியேறும். ரத்தம் உறைந்து குழாயை அடைக்காமலிருக்கத்தான் இந்த ஓயாத கழுவல். வெறும் தண்ணீரை விட்டால், அறுபட்ட ரத்தக்குழாய்கள் வழியே அது உடலுக்குள் புகுந்து சிவப்பணுக்களைச் சிதைக்கும். அதனால்தான் 0.9 சதவீத சலைன்.

காலை 9.30

யூரோபேக் நிரம்பும் நிலை. 1,900 மி.லி. என்று குறித்துவிட்டுக் காலி செய்கிறார் சிஸ்டர். மகனுக்கு ஒரே பதற்றம்.

“அப்பாவுக்கு ஒன்றரை மணி நேரத்துல ரெண்டு லிட்டர் போயிருக்கே சிஸ்டர்!”

“அத்தனையும் சிறுநீர் இல்ல சார். நாம உள்ளே விட்ட சலைன்தான் பெரும்பகுதி.”

காலை 10.45

சலைன் இறங்குகிறது, யூரோபேக்கில் அளவு ஏறவில்லை. அடிவயிறு முட்டுகிறது என்கிறார் பெரியவர். சிஸ்டர் முதலில் செய்வது சலைனை மூடுவது. வெளியேற வழியில்லாத சிறுநீர்ப்பைக்குள் திரவத்தை விட்டுக்கொண்டே போனால் அது வீங்கும், கிழியவும் கூடும். குழாய் எங்கும் மடங்கவில்லை. டாக்டர் வந்து பெரிய சிரிஞ்சால் 200 மி.லி. சலைன் விட்டு உறிஞ்ச, ரத்தக்கட்டிகளோடு 250 மி.லி. வெளிவருகிறது. இரண்டு அளவுகளும் அப்போதே சார்ட்டில் ஏறுகின்றன.

பிற்பகல் 2.00

இப்போது கூட்டல் கழித்தல். உள்ளே போனது: முழுதாக இறங்கிய இரண்டு பைகள் 6,000, மூன்றாவதில் 1,000, சிரிஞ்சில் 200, ஆக 7,200 மி.லி. வெளியே வந்தது: யூரோபேக்கில் நான்கு முறை சேர்த்து 7,250, சிரிஞ்சில் 250, ஆக 7,500. கழித்தால் 300 மி.லி. ஆறு மணி நேரத்தில் பெரியவரின் சிறுநீர் அவ்வளவுதான். மணிக்கு 50. கிலோவுக்கு மணிக்கு 0.5 மி.லி. என்ற கணக்கில் 35 வந்தாலே போதும், ஆகவே நிம்மதி. கைநரம்பில் ஏறிய குளுக்கோஸும் குடித்த கஞ்சியும் இந்தக் கழித்தலில் சேராது. அவற்றுக்குத் தனிப் பத்தி உண்டு.

கழித்து வந்த விடை மைனஸில் நின்றால் டாக்டருக்கு உடனே சொல்ல வேண்டும். திரவம் உள்ளே தேங்கியிருக்கலாம், குழாயின் ஓரமாகக் கசிந்து படுக்கையை நனைத்திருக்கலாம், சிறுநீர்ப்பை கிழிந்து வயிற்றுக்குள்ளும் போயிருக்கலாம்.

இந்தக் கணக்கு எளிதில் பிசகும். 7,200 மி.லி.யில் ஐந்து சதவீதம் தவறினால் 360. பெரியவரின் மொத்தச் சிறுநீரைவிட அது அதிகம். பையின் கோடுகளோ தோராயமானவை. அளவுக்குடுவையில் ஊற்றிப் பார்ப்பதும், எடை போடுவதும் அதனால்தான் நல்லது. கிரியேட்டினின் பரிசோதனையும் துணைக்கு வேண்டும்.

நோயாளிக்குத் துணையிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: யூரோபேக் நிரம்பினால் உதவும் எண்ணத்தில் நீங்களே கொட்டிவிடாதீர்கள். சிஸ்டரைக் கூப்பிடுங்கள், அவர் அளந்து எழுதட்டும்.