காந்திமதி அம்மைக்கு ஒரு முழம் சம்பங்கி

சிந்துபூந்துறையில் எங்கள் வீட்டின் பின்கட்டில் என் மனைவி இருபது ஆண்டுகளாகச் சம்பங்கி வளர்த்து வந்தாள். வெள்ளிக்கிழமைதோறும் அதில் ஒரு சரம் தொடுத்து, நெல்லையப்பர் கோயிலில் காந்திமதி அம்மைக்குச் சாத்தக் கொடுப்பாள். வங்கிப் பணியில் ஊர் ஊராக மாறிக்கொண்டிருந்த எனக்குப் பூ மட்டுமே தெரியும். அதற்கான பாடு தெரியாது.

2022 புரட்டாசியில் அவள் இறைவனடி சேர்ந்தாள். பூத்து ஓய்ந்த தண்டுகளை அவ்வப்போது அறுத்துவிடுவது அவள் வழக்கம். அவள் வைத்த செடியில் அரிவாளை வைக்க எனக்கு மனம் வரவில்லை. காய்ந்த தண்டுகள் அப்படியே நின்றன, புதர் நெருங்கிற்று, பூ குறைந்தது. அடுத்த ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருகிக் குறுக்குத்துறை முருகன் கோயிலை மூழ்கடித்த வெள்ளம் எங்கள் பின்கட்டிலும் நின்றது. நீர் வடிந்தபின் இலைகள் பழுத்துச் சாய்ந்தன. எல்லாம் போயிற்று என்றே எண்ணினேன்.

நந்தவன வேலை பார்த்துப் பழகிய முதியவர் ஒருவர் தை மாதத்தில் வந்து பார்த்தார். "தோண்டிப் பாப்போம் அண்ணாச்சி" என்றார். ஒரு கொத்தைப் பெயர்த்தார். நடுவில் இருந்த பெரிய கிழங்கு சக்கையாய்க் கிடந்தது. நான் முகம் திருப்பினேன். "பூத்த கிழங்கு மறுபடி பூக்காது. சுத்தி இருக்கிற பிள்ளைக் கிழங்குதான் பூக்கும். அதுக்கு இடம் விடணும்" என்றார். மண்ணை உதிர்த்தபோது அதைச் சுற்றி விரல் பருமனில் ஏழெட்டுக் கிழங்குகள் கெட்டியாக இருந்தன.

அழுகியவற்றை நீக்கி, நல்லவற்றை ஒரு மாதம் திண்ணை நிழலில் உலர்த்தினோம். சம்பங்கியைப் பொதுவாக ஜூன், ஜூலையில் நடுவார்கள். எனக்கு மாசிதான் வாய்த்தது. தண்ணீர் தேங்காதபடி மேட்டுப்பாத்தி கட்டி, தொழுவுரம் கலந்து, ஒரு சாண் இடைவெளியில் ஊன்றினோம். மிகச் சிறியவற்றுக்குத் தனிப் பாத்தி. அவை பூக்க இன்னும் ஓராண்டு ஆகும் என்றார். மூன்றாண்டுக்கு ஒருமுறை இப்படிப் பிரித்து நட வேண்டுமாம். பூ முடிந்த தண்டை அடியில் அறுக்கலாம், பச்சை இலையை மட்டும் தொடக்கூடாது, கிழங்குக்குச் சோறு அதுதான் என்பதையும் அவரே சொன்னார்.

(சம்பங்கியின் பூர்விகம் மெக்சிகோ. கடல் கடந்து வந்த பூவென்று அம்மை ஒருநாளும் ஒதுக்கியதில்லை.)

ஆடிப்பூர விழாவில் அம்மைக்கு வளைகாப்பும் முளைக்கட்டும் நடக்கும் நாட்களில் முதற்பூக்கள் விரிந்தன. எனக்குத் தொடுக்க வராது. முடிச்சு முடிச்சாக ஒரு முழம் தேற்றி எடுத்துச் சென்றேன். அர்ச்சகர் கையில் வாங்கி, "அம்மா தோட்டத்துப் பூவா?" என்றார். தலையசைத்தேன், பேச்சு வரவில்லை.

சில நாட்களில் முதல் தண்டு பூத்து ஓய்ந்தது. அன்று மாலை, அவளுடைய சிறு அரிவாளைத் தீட்டி எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன்.